லானோ டெல் ரியோவில் வளர்ந்த ஒரு பெண்ணை ஆவணங்களில் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிலத்தையும் உழைப்பையும் பொதுவில் வைத்து வாழ முயன்ற கூட்டுறவுக் குடியேற்றங்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தலைவர்களைப் பற்றியே எழுதிவிடுகிறார்கள். யார் தொடங்கினார், யார் பணம் திரட்டினார், யாருடன் யார் சண்டையிட்டுப் பிரிந்தார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்த பிள்ளைகள் என்ன ஆனார்கள்? அவர்களும் அந்தக் காலனியின் வரலாறுதான் என்று உறுதியாக நம்புகிறேன். அமெரிக்காவின் லானோ டெல் ரியோ காலனியை எடுத்துக்கொண்டு, அப்படிப்பட்ட ஒரு பிள்ளையை ஆவணங்களில் தேடும் முறையை இங்கே கேள்வி பதிலாகத் தருகிறேன். விளக்கத்துக்காக ஒரு கற்பனைப் பெண்ணை வைத்துக்கொள்வோம்: 1901இல் பிறந்தவள், 1915இல், 14 வயதில், பெற்றோருடனும் ஓர் அண்ணனுடனும் லானோவுக்கு வந்தவள். பதில்களில் ‘நம் பெண்’ என்று வருவது அவள்தான்.

லானோ டெல் ரியோ எங்கே இருந்தது? யார் தொடங்கினார்கள்?

கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துக்கு வடக்கே மலையைத் தாண்டினால் வரும் அன்டிலோப் பள்ளத்தாக்கில் இருந்தது. அது பாலைநிலம். தொடங்கியவர் ஜாப் ஹாரிமன் என்ற சோஷலிஸ்ட் வழக்கறிஞர். 1900ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுடன் துணை ஜனாதிபதி வேட்பாளராக நின்றவர். 1911இல் லாஸ் ஏஞ்சலஸ் மேயர் தேர்தலில் வெற்றியின் விளிம்புவரை வந்தார். ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ கட்டட வெடிகுண்டு வழக்கில் அவர் வாதாடிய மெக்னமாரா சகோதரர்கள், வாக்குப்பதிவுக்குச் சில நாட்களே இருந்தபோது குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தேர்தல் கைவிட்டுப் போனது. ஓட்டுப் பெட்டியால் முடியாததை ஒன்றாக வாழ்ந்து காட்டுவோம் என்று 1914 மே முதல் தேதி காலனியைத் தொடங்கினார்.

உறுப்பினராகச் சேர்பவர் ஒரு டாலர் மதிப்புள்ள 2,000 பங்குகளை எடுக்க வேண்டும். தொடக்கத்தில் ரொக்கமாகக் கட்ட வேண்டியது 500 டாலர். மீதி, நாளுக்கு 4 டாலர் என்று கணக்கில் வரவு வைக்கப்பட்ட கூலியிலிருந்து சிறுகச் சிறுகக் கழிந்தது. கூலி பெரும்பாலும் பேரேட்டில் எழுதும் எண்ணாகவே இருந்தது. கையில் காசு புழங்கவில்லை. 1917 வாக்கில் ஏறக்குறைய ஆயிரம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். தண்ணீர்தான் காலனியை முறித்தது. பிக் ராக் ஓடையின் நீர் அத்தனை பேருக்கும் அத்தனை நிலத்துக்கும் போதவில்லை. அணை கட்ட மாநில அரசு அனுமதி தரவில்லை. 1917இன் பிற்பகுதியில் ஹாரிமன் குழுவினர் லூசியானா மாநிலத்தில், லீஸ்வில் ஊருக்குப் பக்கத்தில், மரமறுக்கும் கம்பெனி ஒன்று கைவிட்டுப்போன ஸ்டேபிள்ஸ் என்ற குடியிருப்பை வாங்கி அங்கே போனார்கள். அதுதான் நியூ லானோ. எல்லோரும் போகவில்லை, பலர் லாஸ் ஏஞ்சலஸுக்கே திரும்பினார்கள். நியூ லானோ, ஜார்ஜ் பிக்கெட்டின் நிர்வாகத்தில் நெடுங்காலம் ஓடி, 1930களின் பிற்பகுதியில் சொத்தைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமித்த அதிகாரியான ரிசீவரின் கைக்குப் போய்க் கலைந்தது.

அங்கே ஒரு சிறுமியின் நாள் எப்படி இருந்திருக்கும்?

முதலில் கூடாரம், பிறகு பச்சைச் செங்கல் வீடு. சின்னப் பிள்ளைகளுக்கு மாண்டிசோரி வகுப்பு. அமெரிக்காவில் மாண்டிசோரி முறை புதிதாக இருந்த காலத்தில், மின்விளக்குகூடச் சரியாக இல்லாத ஒரு பாலைவனக் குடியிருப்பு அதை நடத்திக் காட்டியது. பெரிய பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு ‘சிறுவர் காலனி’ இருந்தது. பின்னாளில் நியூ லானோவை நடத்திய அதே பிக்கெட்தான் அதைக் கவனித்துக்கொண்டார். பிள்ளைகள் அங்கே கட்டடம் கட்டவும் கால்நடை வளர்க்கவும் கற்றார்கள். தங்களுக்குள் கூட்டம் போட்டு முடிவெடுக்கவும் பழகினார்கள். பெரியவர்களுக்கு வாத்தியக் குழு, நடனம், மே தின ஊர்வலம்.

14 வயது என்பது இரண்டுங்கெட்டான் வயது. பள்ளியிலும் இருப்பாள், சலவைக் கூடத்திலோ பழம் பதப்படுத்தும் இடத்திலோ வேலையும் செய்வாள். எனவே மாணவர் பட்டியலை மட்டும் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. வேலைப் பிரிவுகளைப் பற்றிய செய்திகளிலும் அவளைத் தேட வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்த்தால் போதாதா?

பெரும்பாலோர் தொடங்கும் இடமும் திகைத்து நிற்கும் இடமும் அதுதான். அமெரிக்காவில் கணக்கெடுப்புத் தாள்கள் 72 ஆண்டுகள் கழிந்ததும் பெயர், வயது, முகவரியுடன் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1950 கணக்கெடுப்பு 2022 ஏப்ரலில் வெளிவந்தது. நம் நாட்டில் தனிநபர் தாள்கள் ரகசியமானவை என்பதால், இப்படி ஒரு வசதி இருப்பதே நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். ஒரு கணக்கெடுப்பு 1910 ஏப்ரலில் நடந்தது. அடுத்தது 1920 ஜனவரியில். கலிஃபோர்னியா லானோ பிறந்தது 1914இல், காலியானது 1918இல். காலனியின் முழு வாழ்வும் இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவே முடிந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் மட்டும் இருந்து திரும்பிய குடும்பம் எந்தக் கூட்டாட்சிக் கணக்கெடுப்பிலும் ‘லானோ’ என்ற பெயரின் கீழ் வர வழியே இல்லை. 1910இல் நம் பெண் வேறெங்கோ ஒரு நகரத்தில் 9 வயதுச் சிறுமி. 1920இல் லாஸ் ஏஞ்சலஸில் 18 வயது டைப்பிஸ்டாக இருக்கலாம், நியூ லானோவில் காலனி உறுப்பினராகவும் இருக்கலாம். நடுவில் போன பத்தாண்டில்தான் அவள் வளர்ந்தாள். அதைப் பற்றி அந்தத் தாள்கள் ஒரு வார்த்தையும் சொல்லாது.

இதனால்தான், ‘கணக்கெடுப்பில் இல்லை, ஆகவே காலனியில் இருந்திருக்க மாட்டாள்’ என்று யாராவது முடிவுகட்டினால் எனக்குப் பொறுப்பதில்லை. எண்ணிய அதிகாரி அந்தச் சமயத்தில் அங்கே போகவே இல்லை, அவ்வளவுதான்.

அந்த இடைவெளியை எதைக் கொண்டு நிரப்புவது?

அவளை நேரடியாகத் தேடாமல் அவளைச் சுற்றி இருந்த பெரியவர்களைத் தேடுங்கள். பிள்ளைக்குச் சொத்து கிடையாது, ஓட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. இவை மூன்றும் பெற்றோருக்கு உண்டு.

கலிஃபோர்னியாவின் வாக்காளர் பட்டியல்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை வந்தன. பெயர், முகவரி, தொழில் ஆகியவற்றோடு எந்தக் கட்சி என்பதும் அவற்றில் உண்டு. 1911இலேயே அந்த மாநிலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்துவிட்டதால், அம்மாவின் பெயரையும் தேடலாம். 1914, 1916 பட்டியல்களில் அன்டிலோப் பள்ளத்தாக்குப் பகுதியை எடுத்து, சோஷலிஸ்ட் என்று பதிந்தவர்களை வரிசையாகப் படித்துப் பாருங்கள். கணவன், மனைவி, தச்சர், இல்லத்தரசி என்று பெயர்கள் அடுத்தடுத்து வரும்போது ஒரு தெருவே கண்முன் எழுந்து நிற்கும். 1914இல் இல்லாமல் 1916இல் இருந்தால், குடும்பம் வந்த காலம் ஓரளவு பிடிபட்டுவிடும்.

அடுத்தது பங்கு ஆவணங்கள். பங்கு குடும்பத் தலைவர் பெயரில்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் குடும்பம் என்ன விற்று, எங்கிருந்து பணம் கொண்டுவந்தது என்பதற்கான தடயம் கடிதங்களில் கிடைக்கக்கூடும். பங்கைத் திருப்பித் தரச்சொல்லி எழுதிய கடிதம் அகப்பட்டால், குடும்பம் வெளியேறிய காலமும் காரணமும் ஒரே தாளில் வந்துவிடும். கசப்பில் எழுதிய கடிதங்களில் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு தாராளமாக இருக்கும். எந்தப் பெற்றோரும் தன் குறையைச் சொல்லும்போது பிள்ளையின் பசியையும் படிப்பையும் சேர்த்தே சொல்வார்கள்.

மூன்றாவது, காலனியின் சொந்தப் பத்திரிகைகள். இவற்றுக்குத் தனிப் பதில் வேண்டும்.

காலனிப் பத்திரிகைகளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கலிஃபோர்னியாக் காலத்துக்கு ‘வெஸ்டர்ன் காம்ரேட்’ மாத இதழ்; லூசியானாக் காலத்துக்கு ‘லானோ காலனிஸ்ட்’ வார இதழ். ‘வெஸ்டர்ன் காம்ரேட்’ இதழ்களின் ஸ்கேன் பிரதிகள் இணையக் காப்பகங்களில் படிக்கக் கிடைக்கின்றன.

பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் நம்பலாம். விளைச்சலையும் செழிப்பையும் பற்றிச் சொன்னால் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இதழ்களுக்குப் புதிய உறுப்பினர்களை, அதாவது புதிய ரொக்கத்தை, வரவழைக்கும் வேலையும் இருந்தது. உள்ளே எதிர்ப்பு இருந்ததை அவை பெரிதாகச் சொல்லமாட்டா. நிர்வாகத்தை எதிர்த்தவர்கள் புதர்க்காட்டில் கூடிப் பேசியதால் அவர்களுக்குப் ‘புதர்க் கும்பல்’ என்றே பெயர் விழுந்திருந்தது. நம் பெண்ணின் அப்பா அந்தக் கூட்டத்தில் இருந்தவர் என்றால், பத்திரிகையில் குடும்பத்தின் பெயர் திடீரென நின்றுபோவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். பத்திரிகையோடு, மாநிலத்தின் கம்பெனிகள் ஆணையர் அலுவலகம் காலனியின் கணக்கு வழக்கை ஆராய்ந்து எழுதிய அறிக்கையையும், சுற்றுவட்டாரச் செய்தித்தாள்களையும் சேர்த்துப் படியுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கையும் சொன்ன பிறகு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் பெண்ணை ஒரு பெண்ணாக வைத்துப் பார்க்கும் ஒரே ஆவணம் அந்தப் பத்திரிகைதான். அரசாங்கம் அவளை எண்ணும். வரி வசூலிக்கும் அலுவலகம் அவள் அப்பாவைத் தேடும். நாடகத்தில் அவள் என்ன வேஷம் போட்டாள், யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தார் என்பதெல்லாம் காலனி இதழில் மட்டுமே வர வாய்ப்புண்டு. மே தினப் புகைப்படங்களையும் விடாதீர்கள். படத்தின் கீழே பெயர் இல்லாவிட்டாலும், ஆண்டும் இடமும் தெரிந்தால் வயதை வைத்து ஆட்களைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

அண்ணனின் ராணுவப் பதிவு அட்டையால் என்ன பயன்?

நிறைய. முதல் உலகப் போருக்காக அமெரிக்கா மூன்று சுற்றாக ஆண்களைப் பதிவு செய்தது. 1917 ஜூன் 5இல் 21 முதல் 30 வயதுவரை; 1918 ஜூனில் புதிதாக 21 வயது ஆனவர்கள்; 1918 செப்டம்பர் 12இல் 18 முதல் 45 வரை விடுபட்டவர்கள். கடைசிச் சுற்று அட்டையில் முதலாளியின் பெயர், வேலை செய்யும் இடம், நெருங்கிய உறவினர், உயரம், உடல்வாகு, கண் நிறம், முடி நிறம் வரை எழுதப்பட்டிருக்கும். முதலாளியே இல்லாத ஓர் ஊரிலிருந்து போனவர் அந்தக் கட்டத்தில் என்ன எழுதினார் என்று பார்ப்பதே ஒரு வரலாற்றுப் பாடம். 1917 சுற்று அட்டையில், விலக்குக் கோருகிறீர்களா, என்ன காரணம் என்ற கேள்வியும் உண்டு. போரை எதிர்த்த சோஷலிஸ்ட் வீட்டுப் பையன் அதற்குத் தந்த பதிலைப் படித்தால், சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டில் என்ன பேசினார்கள் என்று ஊகிக்க முடியும்.

இரண்டாம் உலகப் போர் அட்டையில் இன்னும் நல்ல ஒரு கட்டம் இருக்கிறது: ‘உங்கள் முகவரியை எப்போதும் அறிந்திருக்கும் ஒருவர் பெயர்’. அண்ணன் திருமணமாகாதவர் என்றால் அங்கே தங்கையின் பெயர் இருக்கலாம். கணவன் பெயரோடும் புது ஊரோடும் சேர்த்தே இருக்கலாம்.

திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறிவிடுகிறதே?

பெண்களைத் தேடுவதில் இதுதான் பெரிய தடை. கலிஃபோர்னியாவில் திருமணம் நடந்திருந்தால் கவுன்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகப் பதிவுகளைப் பாருங்கள். லூசியானாவில் கவுன்டிக்குப் பதில் பாரிஷ் என்பார்கள். நியூ லானோ வெர்னான் பாரிஷில் சேர்ந்தது. அதன் நீதிமன்றம் லீஸ்வில்லில் இருக்கிறது. திருமணப் பதிவும் நிலப் பத்திரமும் அங்கேதான்.

இதைவிட நான் அதிகம் நம்புவது வேலை செய்பவர்களின் ஓய்வூதியத்துக்காக அமெரிக்க அரசு தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கான விண்ணப்பத்தை. 1936இன் கடைசியில் தொடங்கிய அந்தப் படிவத்தில் விண்ணப்பிப்பவர் தன் முழுப் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், தந்தை பெயர், தாயின் பிறந்தவீட்டுப் பெயர் ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட வேண்டும். இறந்தவருடைய படிவத்தின் நகலைக் கட்டணம் செலுத்திக் கேட்டுப் பெறலாம். நம் பெண் கூலி வேலைக்குப் போனவள் என்றால், அவள் தானே கைப்பட எழுதிய முதல் தாள் நமக்கு அதுவாகவே இருக்கக்கூடும். அதுவரை மற்றவர்கள்தான் அவளைப் பற்றி எழுதினார்கள்.

1940 கணக்கெடுப்பை மட்டும் ஏன் தனியாகச் சொல்கிறார்கள்?

ஏனென்றால் அதில், ‘1935 ஏப்ரல் முதல் தேதி எங்கே குடியிருந்தீர்கள்?’ என்று கேட்டார்கள். நாட்டின் பொருளாதார மந்தத்தில் மக்கள் எப்படி இடம்பெயர்ந்தார்கள் என்று அறியக் கேட்ட கேள்வி அது. நமக்கு அது வரம். 1935இல் நியூ லானோ உயிரோடு இருந்தது, 1940இல் கலைந்துவிட்டது. ஆகவே டெக்சஸிலோ கலிஃபோர்னியாவிலோ இருக்கும் ஒரு குடும்பத்தின் தாளில், 1935க்கான கட்டத்தில் வெர்னான் பாரிஷ், லூசியானா என்று எழுதியிருந்தால் அவர்கள் காலனிக்காரர்களா என்று உடனே விசாரிக்கத் தொடங்கலாம். ஏற்கெனவே தெரிந்த குடும்பப் பெயர்களோடு ஒப்பிட்டால் சிதறிப்போனவர்களில் பலரை மீட்டுவிடலாம். எத்தனை வகுப்பு படித்தார் என்ற கேள்வியும் அதே தாளில் இருக்கிறது. காலனிப் பள்ளியில் படித்த பிள்ளைகள் அந்தக் கட்டத்தில் என்ன சொன்னார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தீராத ஆசை.

ஒரே பெயரில் பலர் இருந்தால்?

குடும்பத்தோடு சேர்த்துத்தான் அடையாளம் காண வேண்டும். பெற்றோர் பிறந்த நாடு, உடன்பிறந்தவர்களின் வயது வரிசை, அண்டை வீட்டார் ஆகிய மூன்றும் பொருந்தாமல் யாரையும் ‘அவள்தான்’ என்று எழுதாதீர்கள். வயதில் ஓரிரண்டு ஆண்டு முன்பின் இருப்பது சகஜம். ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பங்களின் பெயரை ஒவ்வோர் எழுத்தரும் தன் காதில் விழுந்தபடி எழுதினார்.

லானோவில் சிறுவயதில் வாழ்ந்து பின்னாளில் பெயர் பெற்றவர் யாராவது உண்டா?

உண்டு. கட்டடக் கலைஞர் கிரிகரி ஐன். 1908இல் பிட்ஸ்பர்கில் பிறந்து, லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர். சோஷலிஸ்டான தந்தையோடு குடும்பம் சில காலம் லானோவில் வாழ்ந்தது. மேலே சொன்ன அதே காரணத்தால் 1910, 1920 கணக்கெடுப்புகளில் அந்த லானோ வாழ்க்கைக்குச் சுவடு இருக்காது.

ஆனால் அவருடைய பிற்கால வேலையைப் பாருங்கள். பணக்காரர்களுக்கு மாளிகை கட்டிக் கொடுத்துச் சம்பாதிக்காமல், சாதாரணக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் நல்ல வீடு வேண்டும் என்று அலைந்தவர். 1940களின் பிற்பகுதியில், லாஸ் ஏஞ்சலஸின் ரெசிடா பகுதியில் எல்லா இனத்தவரும் சேர்ந்து வாழும் கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்றைத் திட்டமிட்டார். கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் கடன் காப்பீடு தர மறுத்ததால் அது கட்டப்படவே இல்லை. அவருடைய இடதுசாரிச் சார்புக்காக எஃப்பிஐ அவரைப் பல ஆண்டுகள் கண்காணித்துக் கோப்பு வைத்திருந்தது. அவர் 1988இல் மறைந்தார். லானோவில் கழித்த சிறுபிராயம்தான் இதற்கெல்லாம் விதை என்று ஒரே அடியாகச் சொல்லிவிட மாட்டேன். அப்பாவின் அரசியல், வேலைக்காலத் தோழர்கள் எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு மனிதர். என்றாலும், காலனி கலைந்ததோடு அங்கிருந்த பிள்ளைகளின் கதையையும் ‘தோல்வி’ என்று மூடிவிடுபவர்களுக்கு அவருடைய வரைபடங்களைக் காட்டலாம்.

இந்தியர்கள் யாராவது அங்கே இருந்திருக்க முடியுமா?

முடியாது. லானோ வெள்ளையரை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்தது. இன வெறுப்பால் அல்ல, நடைமுறைக் காரணத்தால் என்று தன் இதழிலேயே சமாதானமும் சொன்னது. அந்தச் சமாதானத்தை நான் ஏற்கவில்லை. அதே ஆண்டுகளில் அதே மாநிலத்தில் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் வயல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1913 முதல் இந்திய விடுதலைக்குக் குரல் கொடுத்த ‘கதர்’ இதழ் அச்சாகிக்கொண்டிருந்தது. சமத்துவம் பேசிய ஒரு காலனியின் கதவு அவர்களுக்குச் சாத்தியே இருந்தது. நம் பெண்ணின் வாழ்க்கையை எழுதும்போது இதையும் எழுத வேண்டும். அவள் வகுப்பில் யார் இல்லை என்பதும் அவளுடைய சூழலின் ஒரு பகுதி.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றித் தகவல் கிடைத்தால் வெளியிடலாமா?

அவர்களிடமோ குடும்பத்தாரிடமோ கேட்காமல் வெளியிடக் கூடாது. 1930களில் நியூ லானோவில் பிறந்த குழந்தைகள் இன்று தொண்ணூறு வயதுக்காரர்கள். லூசியானாவில் பிறப்புப் பதிவுகள் 100 ஆண்டுகளும் இறப்புப் பதிவுகள் 50 ஆண்டுகளும் பொதுப்பார்வைக்கு வராமல் காக்கப்படுகின்றன. அந்தக் கால வரம்பை இடைஞ்சலாக நினைக்காமல் மரியாதையாக நினைத்து நடப்பது நல்லது. பெற்றோரின் சண்டை, மணமுறிவு, கடன் போன்றவை கோப்பில் இருக்கின்றன என்பதற்காகவே அச்சேற வேண்டியவை அல்ல.

காலனியின் சொந்த ஆவணங்கள் எங்கே இருக்கின்றன? தூரத்தில் இருப்பவர் எப்படி அணுகுவது?

கலிஃபோர்னியாவில் சான் மரீனோவிலுள்ள ஹன்டிங்டன் நூலகத்தில் லானோ டெல் ரியோ ஆவணத் தொகுப்பு இருக்கிறது. நியூ லானோ ஊரிலேயே காலனிக்கென்று ஓர் அருங்காட்சியகம் நடக்கிறது. ரிசீவர் வழக்கின் காகிதங்களை விசாரிக்க லீஸ்வில் நீதிமன்றம். கூட்டாட்சிக் கணக்கெடுப்பும் ராணுவ அட்டைகளும் அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்துடையவை. ஸ்கேன் பிரதிகளை இணையத்திலேயே பார்க்கலாம்.

காப்பகத்துக்குக் கடிதம் எழுதும்போது, ‘இந்தக் குடும்பத்தைப் பற்றி இருப்பதெல்லாம் வேண்டும்’ என்று எழுதாதீர்கள். யாரால் தேட முடியும்? குடும்பப் பெயர், அதன் இரண்டு மூன்று எழுத்து வேறுபாடுகள், வந்த ஆண்டு, போன ஆண்டு, நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்ட ஆவணங்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, உறுப்பினர் கடிதப் போக்குவரத்தில் அந்தப் பெயர் வருகிறதா என்று ஒரே ஒரு கேள்வியாகக் கேளுங்கள். பதில் வந்ததும் அடுத்த கேள்வி. கட்டணம் செலுத்த வேண்டிய நகல்களைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இலவசமாகக் கிடைக்கும் பத்திரிகை இதழ்களை, பெயர் தேடும் வசதியை நம்பாமல், பக்கம் பக்கமாகப் படியுங்கள். பழைய அச்சைக் கணினி தப்பாகப் படித்திருக்கும் இடங்களும், ‘இன்னாருடைய மகள்’ என்று மட்டும் எழுதி அவள் பெயரை விட்டுவிட்ட வரிகளும் இருக்கும். அவற்றைக் கண்ணால் படித்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.